பதினோரு டப்பா

வெள்ளிமலை
18.8.2025, திங்கள்

ஷர்பு,

நலம் விசாரித்து எழுத மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து ஏழு தடவை போன் செய்திருக்கிறாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் பாதியிலேயே சமாதானமாகிவிடுவேன். திருக்கோவிலூர் ஹாஸ்டலில் இரண்டு வருஷமும் நம் சண்டைகள் அப்படித்தான் முடிந்தன. இந்தத் தடவை எனக்குச் சமாதானம் வேண்டாம், பதில் வேண்டும். அதுவும் எழுத்தில் வேண்டும்.

போட்டோவில் இருப்பது சங்கவி, என் சித்தப்பா மகள். ஜூன் மாசம் உன் மெடிக்கலுக்கு நான் வந்தபோது, முகத்தில் மங்கு இருக்கிறவர்களுக்கும் பரு வந்து கறுத்துப்போனவர்களுக்கும் என்று சின்ன டப்பாவில் க்ரீம் போட்டுக் கொடுத்தாயே, அதைத்தான் அவளும் பூசினாள். இரண்டு கன்னமும் வெந்த மாதிரி சிவந்து, இடது கண்ணுக்குக் கீழே நீர்கோத்து நிற்கிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவுக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். "இந்த மூஞ்சிய வெச்சிக்கினு எப்பிடிக்கா கவுண்டர்ல நிக்கிறது" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

டப்பாவை ஊருக்குள் கொண்டுவந்தவள் நான். "செவ்வந்தி குடுத்துச்சி" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், உன் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. மகளிர் குழுக் கூட்டத்தில் நேற்று யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்த டப்பாவில் நீ என்ன போட்டாய்? எழுதிக் கொடு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ராஜேஷ் ஜீப் புதன்கிழமை மலைக்குத் திரும்பும்போது பதிலை அவனிடம் கொடுத்துவிடு.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
20.8.2025

செவ்வந்தி,

எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே சொல்கிறேன். ஆனால் நான் ஏதோ விஷத்தைக் கலந்து கொடுத்த மாதிரி நீ கேட்டது எனக்கு வலித்தது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் இப்படி ஒரு கடிதம் உன்னிடமிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

நான் எதையும் கலக்கவில்லை. கம்பெனி ட்யூபில் வரும் க்ரீம் அது. மூன்று மருந்து சேர்ந்தது: கறுப்பைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், பழைய தோலை உரித்துப் புதுத்தோல் வர ட்ரெடினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. காலாவதி அடுத்த வருஷம்தான். இதே ட்யூபை இங்கே டவுனில் எத்தனையோ பேர் வாங்கிப்போகிறார்கள், ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை.

பட்டாணி அளவு, சாயங்காலம் மட்டும், பூசிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது என்று உன்னிடம் மூன்று தடவை சொன்னேன். நீ தலையாட்டினாய். உங்கள் ஊரில் இப்போது சாமைக்குக் களையெடுக்கும் நேரம். காலையிலேயே பூசிக்கொண்டு கொல்லையில் போய் நின்றிருப்பார்கள். மருந்தைத் தப்பாகப் பூசிவிட்டு மருந்துக்கடைக்காரியைக் கேட்டால் நான் என்ன செய்வது?

கோபத்தில் எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை. சங்கவி எதையும் பூசாமல் இருக்கட்டும். வெறும் தண்ணீரில் முகம் கழுவினால் போதும். கண்ணுக்குக் கீழே வீக்கம் ஏறினால் எனக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல். டப்பாவில் மிச்சம் இருக்கிற க்ரீம் என்ன நிறத்தில் இருக்கிறது? நான் போட்டபோது வெள்ளையாக இருந்தது.

ஷர்புன்னிசா


வெள்ளிமலை
22.8.2025

ஷர்பு,

மருந்துக்கடைக்காரி என்று உன்னை நீயே சொல்லிக்கொண்டாய். நான் அப்படி எழுதவில்லை.

நீ சொன்னதையெல்லாம் நான் ஒன்று விடாமல் சொன்னேன். சாயங்காலம் மட்டும் என்றேன், பட்டாணி அளவு என்று விரலில் தொட்டே காட்டினேன். சங்கவி கொல்லைக்குப் போவதே இல்லை, அவள் அம்மாதான் போகிறாள். ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறவர் "மூஞ்சி கொஞ்சம் தெளிவா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லி அனுப்பினாராம். அதிலிருந்து அவளுக்கு அந்த டப்பாதான் கதி. பூசிப் பூசிப் பார்த்தாள், கறுப்பு குறையவில்லை. அதனால் பட்டாணி அளவு சுண்டைக்காய் அளவு ஆனது. இதை நேற்றுத்தான் ஒப்புக்கொண்டாள்.

நிறம் கேட்டாய். சங்கவி அவள் டப்பாவைக் காட்ட மறுக்கிறாள். பழனியம்மாள் அக்காவின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மேலே வெல்லப்பாகு நிறம், அடியில் கொஞ்சம் மஞ்சள். "மருந்து நல்லா ஊறி பதமாயிருக்குது" என்கிறது அந்த அக்கா. அதற்கும் நெற்றியெல்லாம் சிவந்து தோல் உரிகிறது. ஆனால் எரிந்தால்தான் உரியும், உரிந்தால்தான் வெளுக்கும் என்று இங்கே எல்லாருமாகப் பேசி முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளையாக இருந்தது எப்படி இந்த நிறமானது? உனக்குத் தெரியும், இல்லையென்றால் கேட்டிருக்க மாட்டாய். தெரிந்ததைச் சொல். மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகிறது, எழுந்து வாசலுக்கு வந்தால் யார் முகத்தைப் பார்த்தாலும் சிவந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
23.8.2025

செவ்வந்தி,

போனை நீ இன்னும் எடுப்பதில்லை, இதை நீ படிக்கும் நேரமே தாமதம். முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படி. நான் கொடுத்தது பதினோரு டப்பா. பதினொன்றையும் திரும்ப வாங்கு. பாதி இருந்தாலும் சரி, வழித்த டப்பாவாக இருந்தாலும் சரி. இனி ஒருவர் விரலும் அதைத் தொடக் கூடாது.

வெல்லப்பாகு நிறம் என்று நீ எழுதியதைப் படித்ததும் கடையைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே இருக்கிற தோல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து சிதையும் என்றார். ட்ரெடினாயின் வெளிச்சத்தில் உடைந்து வலுவிழந்துவிடும். ஹைட்ரோகுவினோன் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், அப்படி மாறிப்போனது தோலை அரிக்கும். கறுப்பைக் குறைக்கிற வேலை குறைந்துபோய், எரிக்கிற வேலை மட்டும் கூடிப்போகும். குறையவில்லையே என்று சங்கவி இன்னும் அதிகமாகப் பூசியிருக்கிறாள். இதற்காகத்தான் அதை வெளிச்சம் புகாத அலுமினிய ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். இது நான் டிப்ளமாவில் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அதை ட்யூபிலிருந்து பிதுக்கிக் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டது நான்தான். ஏன் போட்டேன் என்று உனக்கும் தெரியும். முகத்துக்குப் பூசுகிற ட்யூபைப் பார்த்தால் ஆம்பிளைகள் கிண்டல் செய்கிறார்கள், தைல டப்பா மாதிரி இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நீ சொன்னாய். எனக்கும் அது சரியாகப் பட்டது. வீட்டில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாக நிரப்பினேன். பெரிய உதவி செய்கிறோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதைக் கொடுத்திருக்கவே கூடாது, அது தனித் தப்பு.

போன கடிதத்தில் உன் மேல் பழியைப் போட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. வீட்டுக்குள் அலமாரியில் இருந்தால் ரெண்டு மாசத்தில் இவ்வளவு கறுக்காது என்கிறார் டாக்டரம்மா. டப்பாவை எங்கே வைத்திருந்தார்கள்? ஒவ்வொருவரையும் கேட்டு எழுது.

ஷர்பு


வெள்ளிமலை
27.8.2025

ஷர்பு,

ஒன்பது டப்பா வந்துவிட்டது. ஒரு வீட்டில் கொடுக்க மாட்டேன் என்று சண்டை. "மூணு வாரமா பூசுறேன், இப்பதான் வேல செய்யுது, இப்ப போயி கேக்குற" என்று என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் திரும்பப் போய் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார்கள். வந்த ஒன்பதும் ஒரே நிறத்தில் இல்லை. ரெண்டு மட்டும் வெள்ளையாகவே இருக்கின்றன.

பத்தாவது டப்பா சேராப்பட்டில் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணிடம் போயிருக்கிறது. ராஜேஷ் நாளைக்கு அந்தப் பக்கம் போகிறான், வாங்கி வருகிறேன் என்றிருக்கிறான்.

பதினொன்றாவது சங்கவியிடம். முகம் வெந்த பிறகும் அவள் பூசுவதை விடவில்லை என்று நினைக்கிறேன். "தீந்துபோச்சிக்கா, டப்பாவ தூக்கி போட்டுட்டேன்" என்கிறாள். ஆனால் நேற்றுப் பக்கத்தில் போய் நின்றபோது அந்த மருந்து வாசனை வந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கிறதாம், அதற்குள் உரிந்து சரியாகிவிடுமாம். நான் கத்தினேன். அவள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "குடுத்ததும் நீ, இப்ப புடுங்கறதும் நீயா" என்று கேட்டாள்.

எங்கே வைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். வீட்டில்தான். ஒவ்வொருவர் ஒவ்வொரு இடத்தில். ரெண்டு மாசமாக மேலே பனியும் சாரலும் விட்டபாடில்லை. துணி காயவில்லை, விதைக்கு வைத்த சாமையில் புழுக்க வாடை வருகிறது. இதில் டப்பா எங்கே இருந்தது என்று யார் கவனித்தார்கள்?

நீ தப்பை ஒத்துக்கொண்டு எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டட்டுமா? இப்போதெல்லாம் தெருவில் நடக்கவே எனக்குக் கூசுகிறது.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
30.8.2025

செவ்வந்தி,

படித்துக் காட்ட வேண்டாம். நானே வருகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ராஜேஷ் ஜீப்பில் ஏறுகிறேன். பால்வாடியில் எல்லாரையும் வரச் சொல். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் இன்று சாயங்காலமே உன் கைக்கு வந்துவிடும்.

எங்கே வைத்தார்கள் என்ற கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, நானே பார்த்துவிட்டேன். அதே க்ரீமை அதே மாதிரி ரெண்டு டப்பாவில் போட்டு, ஒன்றைப் பீரோவுக்குள் வைத்தேன், இன்னொன்றை மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். ஆறு நாள் ஆனது. பீரோவில் இருந்தது போட்டபடியே இருக்கிறது. மாடியில் இருந்தது நீ சொன்ன வெல்லப்பாகு நிறம். அதில் துளி எடுத்து முழங்கையின் உள்பக்கம் பூசிப் பார்த்தேன். காலையில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணு நீங்க, ஒங்க தோல்லயே பரிசோதன பண்ணுவீங்களா" என்றார். சங்கவியை உடனே கூட்டி வரச் சொல்கிறார். ஆறிவிடும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் தழும்பு நிற்கலாம் என்றார்.

நான் மலைக்கு வருவது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. லைசென்ஸ் என் பெயரில் இருந்தாலும் கடை அவருடையது. "எழுதிக் குடுத்ததே தப்பு, இதுல நீ நேர்ல போயி இன்னாத்துக்கு நிக்கணும்? நாளைக்கி ஒருத்தன் அந்தக் கடுதாசிய எடுத்துக்கினு ஆபீசரு கிட்ட போனா கடைய சாத்த வேண்டியதுதான்" என்றார். அவர் சொல்வது நிஜம். நான் எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று உன் இஷ்டம். கிழித்துப் போடு என்று கேட்க மாட்டேன்.

காலையிலிருந்து கல்லாவில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. நாளை எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். திட்டினால் வாங்கிக்கொள்வேன். சங்கவி என்னைப் பார்க்க வருவாளா என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஷர்பு


வெள்ளிமலை
1.9.2025, திங்கள்

ஷர்பு,

நீ ஜீப் ஏறிப் போய் இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்குள் ராஜேஷ் கிளம்பிவிடுவான், அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாய். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நேராகப் பால்வாடிக்கு நடந்தாய். போகிற வழியில் பழனியம்மாள் அக்கா வீட்டைத் தாண்டும்போது நீ ஒரு நிமிஷம் நின்றாய். அக்கா வீட்டு ஓட்டின் மேல் மிளகாய் காய்கிற முறமும், அதன் ஓரத்தில் ஒரு தைல டப்பாவும் கால்நடைக்குப் போடுகிற களிம்பும் வரிசையாக வெயிலில் இருந்தன. நீ பார்த்தாய். பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தாய்.

பிறகு அத்தனை பெண்களுக்கு முன்னால் நின்று, "ட்யூப்லருந்து எடுத்து டப்பாவுல போட்டது நான்தாங்க. டாக்டர கேக்காம குடுத்ததும் நான்தாங்க. என் தப்பு" என்றாய். ஒருத்தி எழுந்து, "வெயில்ல வெச்சதாலயா கெட்டுச்சி?" என்று கேட்டாள். நீ கொஞ்சமும் தயங்காமல், "வெயில்ல வெக்கக் கூடாதுன்னு நான் சொல்லி அனுப்பல. அதுவும் என் தப்புதாங்க" என்றாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். என் புடவை உன் கையில் உரசுகிற தூரம். வாயைத் திறக்கவில்லை. சங்கவி வரவில்லை, நீ போகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெயிலில் வைக்கச் சொன்னது நான், ஷர்பு. டப்பா கொடுத்த பத்தாம் நாள் பழனியம்மாள் அக்கா மூடிக்குள் வேர்த்திருக்கிறது என்று கொண்டுவந்து காட்டியது. இங்கே ஈரத்தில் எது கெட்டாலும் நாங்கள் செய்வது ஒன்றுதான். விதைச் சாமையிலிருந்து பிள்ளைகளின் மாத்திரை வரைக்கும் வெயில் காட்டுவோம். "மழ விட்டப்பல்லாம் வெயில் காட்டி எடுங்க, பூசணம் புடிக்காது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வெள்ளையாகவே திரும்பி வந்த ரெண்டு டப்பாவும் நான் சொன்னதைக் கேட்காத சோம்பேறிகளுடையவை. நீ முதல் தடவை நிறம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகுதான் உன் மேல் இன்னும் கோபமாக எழுதினேன்.

உன் ஜீப் வளைவில் மறைந்ததும் பழனியம்மாள் அக்காவிடம் ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். திட்டினவர்களும் உண்டு, பேசாமல் எழுந்து உள்ளே போனவர்களும் உண்டு. அக்கா மட்டும், "இனிமே மருந்துன்னா யாரத்தான் கேக்குறது" என்றது. உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. யாராவது அவற்றைக் கேட்டால் இந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

சங்கவி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். இன்று காலையில் அவள் ஜவுளிக்கடையில் நின்றிருக்க வேண்டும். வேறு ஆளை எடுத்துவிட்டதாகச் சனிக்கிழமையே போன் வந்துவிட்டதாம், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு உள்ளே போய், தீர்ந்துபோனது என்று சொன்ன டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அதில் இன்னும் கால்வாசி இருந்தது. சேராப்பட்டிலிருந்து ராஜேஷ் வாங்கி வந்ததையும் சேர்த்து, எல்லா டப்பாவையும்விட அதுதான் கறுப்பு.

"தெனமும் தவறாம வெயில்ல வெச்சேன்க்கா. மழ வந்தா ஓடிப்போயி எடுப்பேன், வெயில் வந்தா மறுபடியும் வெப்பேன். அந்த மெடிக்கல்காரம்மா சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன். நீ சொன்னியேன்னுதான் வெச்சேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை ஷர்பு. அழவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, எனக்குக் காபி போடட்டுமா என்று கேட்டாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவளை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டி வருகிறேன். வர ஒத்துக்கொண்டாள். நீ கடையை மாமாவிடம் விட்டுவிட்டுக் கச்சிராயபாளையம் வரைக்கும் வந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொள். மலை இறங்கி முடிக்கும் வரை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். அதற்கு மேல் அவள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து வர எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வந்தி